அங்க யாரு போய் அள்ளிட்டு வந்தா?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். ஐந்தாம் பாடவேளையில் நம் பிள்ளைகள் படும் பாட்டை இன்று நாமும் கொஞ்சம் படுவோம். தூக்கம் வந்தால் எழுந்து நின்று கேளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

"ஒளியும் விண்மீன்களும்" என்பது எனக்குத் தந்த தலைப்பு. அதற்குள் போவதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பணியில் சேர்ந்த புதிது. எட்டாம் வகுப்பில் சூரியனைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "சூரியனில் பெரும்பகுதி ஹைட்ரஜன். அதற்கு அடுத்து ஹீலியம்" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், அங்க யாரு போய் அள்ளிட்டு வந்தா?" என்று கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். "அதெல்லாம் விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சிருக்காங்க. நீ எழுதிக்கோ" என்றேன். அவள் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். தேர்வில் அந்த வினாவுக்கு முழு மதிப்பெண்ணும் வாங்கினாள். ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை என் வகுப்பில் அவள் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அன்று எனக்கு விடை தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரியாது. பி.எட். முடித்தவள், நிறமாலை பற்றித் தேர்வில் எழுதியவள். இருந்தும் அந்தக் கேள்விக்கும் நான் படித்த நிறமாலைக்கும் தொடர்பு இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பயிற்சிக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது அகஸ்ட் காம்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞரைப் பற்றி அறிந்தேன். அவர் 1835இல் எழுதினாராம்: விண்மீன்களின் வடிவம், தொலைவு, அளவு, இயக்கம் இவற்றையெல்லாம் நாம் அறிய முடியும், ஆனால் அவை எந்தப் பொருள்களால் ஆனவை என்பதை ஒருபோதும் அறிய முடியாது. காரணம் எளிது. அங்கே போக முடியாது. போகாமல் எப்படி அள்ள முடியும்? அள்ளாமல் எப்படிச் சோதிக்க முடியும்?

ஐரோப்பாவே மதித்த ஓர் அறிஞரின் கேள்வியும் எங்கள் ஊர் எட்டாம் வகுப்பு மாணவியின் கேள்வியும் ஒன்றுதான். அதைப் படித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மாணவிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அள்ளப் போக வேண்டாம், அதுவே வருகிறது

நிலவிலிருந்து கல் கொண்டுவந்தோம். செவ்வாய்க்கு வண்டி அனுப்பினோம். ஆனால் விண்மீன்களிலிருந்து ஒரு கைப்பிடி மண்கூட நமக்கு வந்ததில்லை. அங்கிருந்து நம்மிடம் வருவது பெரும்பாலும் ஒளிதான். ஆகவே வானியலாளரின் வேலை மூன்று படிகளில் அடங்கிவிடும். ஒளியைச் சேர்க்க வேண்டும், பிரிக்க வேண்டும், படிக்க வேண்டும்.

முதலில் சேர்ப்பது. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வையுங்கள். மழை ஒன்றுதான், ஆனால் அண்டாவில் சேரும் நீர் அதிகம். வாய் அகலம்தான் காரணம். இருட்டில் நம் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைனு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதன் ஆடியின் விட்டம் 2.34 மீட்டர், நம் கண்பாவையைப் போல 300 மடங்குக்கு மேல். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை நம் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் படிக்கிறார்கள். அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். கண்ணைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் ஒளியை அந்த ஆடி சேர்க்கும் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மேலும், நம் கண்ணால் ஒளியைச் சேமித்து வைக்க முடியாது. தொலைநோக்கியில் பொருத்திய கேமராவால் மணிக்கணக்கில் சேமிக்க முடியும்.

"தொலைநோக்கி பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி" என்று மட்டும் நாம் சொல்லி வருகிறோம். அதைவிட முக்கியமானது, அது ஒளி சேர்க்கும் அண்டா என்பது. பெரிய தொலைநோக்கிகளில் லென்ஸ் இருக்காது, குழியாடிதான் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கரண்டியின் உட்பக்கத்தைக் காட்டி நடத்தும் அதே குழியாடிதான்.

பிரித்தால் தெரியும் கோடுகள்

அடுத்தது பிரிப்பது. முப்பட்டகத்தின் வழியே வெள்ளொளி ஏழு நிறமாகப் பிரிவதை நியூட்டன் காட்டினார் என்று நடத்துகிறோம். ஊதா முதல் சிவப்பு வரை நிறங்களின் வரிசையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பாடம் அங்கே முடிந்துவிடுகிறது. வானியல் அங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்மனியில் யோசப் பிரான்ஹோபர் என்ற கண்ணாடித் தொழிலாளி இருந்தார். பதினோரு வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்து, கண்ணாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1801இல் அந்தப் பட்டறைக் கட்டடம் இடிந்து விழுந்து அவர் இடிபாடுகளில் சிக்கினார். மீட்புப் பணியைப் பார்க்க வந்த அந்நாட்டு மன்னர் அவருக்குப் பண உதவி செய்தார். அந்தப் பணம் அவர் படிக்க உதவியது. பின்னாளில் அவர் உலகிலேயே சிறந்த லென்ஸ்களைச் செய்தார். தன் கண்ணாடிகள் ஒளியை எவ்வளவு வளைக்கின்றன என்று துல்லியமாக அளக்க விரும்பினார். அதற்காக 1814இல் சூரிய ஒளியை மெல்லிய பிளவு வழியே செலுத்திப் பிரித்துப் பார்த்தார்.

வானவில் வண்ணங்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரிந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஐந்நூறுக்கும் மேல். முக்கியமான கோடுகளுக்கு அவர் எழுத்துகளால் பெயரிட்டார். மஞ்சள் பகுதியில் நெருங்கி நிற்கும் இரட்டைக் கோட்டுக்கு "டி" என்று பெயர். நிலவின் ஒளியையும் வெள்ளிக் கோளின் ஒளியையும் பிரித்துப் பார்த்தார், அதே கோடுகள். சிரியஸ் போன்ற விண்மீன்களைப் பார்த்தார், கோடுகளின் அமைப்பு வேறாக இருந்தது. ஆகவே இது கண்ணாடியின் குறையும் அன்று, காற்றின் வேலை மட்டுமும் அன்று, ஒளி புறப்படும் இடத்திலேயே ஏதோ இருக்கிறது என்பது தெரிந்தது. ஆனால் அந்தக் கோடுகள் ஏன் வந்தன என்பது தெரியாமலேயே 39 வயதில் அவர் இறந்துபோனார்.

விடை 1859இல் ஹைடல்பர்க் நகரில் கிடைத்தது. பன்சன் என்ற வேதியியலாளரும் கிர்க்காஃப் என்ற இயற்பியலாளரும் பல உப்புகளைச் சுடரில் இட்டு, வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். நம் ஆய்வகத்தில் இருக்கும் பன்சன் அடுப்புக்கு இவர் பெயர்தான்.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்கத் தீபாவளி போதும். மத்தாப்பில் சிவப்பு வரவேண்டுமானால் ஸ்ட்ரான்சியம் சேர்ந்த பொருளைக் கலப்பார்கள், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குத் தாமிரம். அடுப்பில் சோறு பொங்கி வழியும்போது சுடர் மஞ்சளாகச் சீறுவதைப் பார்த்திருப்போம். அந்த மஞ்சள், உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரிவதைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு மெல்லிய கோடுகள். அவை நிற்கும் இடமும் சூரிய நிறமாலையில் பிரான்ஹோபர் "டி" என்று குறித்த கறுப்புக் கோடுகளின் இடமும் ஒன்றே.

ஏன் சுடரில் ஒளிரும் கோடு, சூரியனில் கறுப்புக் கோடு? ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்குள்ளும் எலக்ட்ரான்களுக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தனிமத்தின் படிகளின் உயரம் இன்னொன்றுக்கு வராது. மேல் படியிலிருந்து கீழே குதிக்கும் எலக்ட்ரான் குறிப்பிட்ட நிறத்தில் ஒளியை விடும். அதே படியில் மேலே ஏறவேண்டுமானால் அதே நிற ஒளியை விழுங்கவேண்டும். சூடான சுடரில் குதிப்பது நடக்கிறது. சூரியனின் உள்ளிருந்து வரும் ஒளி, சற்றே குளிர்ந்த மேலடுக்கு வாயுக்களைக் கடந்து வரும்போது விழுங்குவது நடக்கிறது. விழுங்கிய இடம் கறுப்பாகத் தெரிகிறது. நம் வருகைப் பதிவேட்டில் வராதவரின் கட்டம் தனியாகத் தெரிவதுபோல, ஒளியில் எது வரவில்லை என்பதே யார் அங்கே இருக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆக, சூரியனில் சோடியம் இருக்கிறது. யாரும் போகவில்லை, யாரும் அள்ளவில்லை. காம்ட் 1857இல் காலமானார். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்திருந்தால் தன் கேள்விக்கு விடையைக் கேட்டிருப்பார்.

குண்டூரில் தெரிந்த மஞ்சள் கோடு

இப்போது ஹீலியத்துக்கு வருவோம். இந்தக் கதை நம் பக்கத்தில் நடந்தது.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். நிழல் விழுந்த பாதையில் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரும் மசூலிப்பட்டினமும் இருந்தன. பிரான்சிலிருந்து பியேர் ஜான்சன் கப்பலேறி வந்து குண்டூரில் கருவிகளை அமைத்தார். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினம் போனார். நிலவு சூரியனை மறைத்த சில நிமிடங்களில், விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒளிரும் கோடுகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் கோடு. சோடியமாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இடம் சற்றே தள்ளி இருந்தது.

எவ்வளவு தள்ளி? சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டர். இந்தக் கோடு 587.5 நானோமீட்டர். அந்தச் சிறு இடைவெளிக்குள் ஒரு புதிய தனிமம் ஒளிந்திருந்தது. கோடுகள் மிகப் பிரகாசமாக இருந்ததால், கிரகணம் இல்லாமலேயே அவற்றைப் பார்க்கலாம் என்று ஜான்சனுக்குத் தோன்றியது. மறுநாளே பார்த்தும் விட்டார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியரும் கிரகணம் இல்லாமல் பார்த்தார். பூமியில் அறிந்த எந்தத் தனிமத்துடனும் அந்த மஞ்சள் கோடு பொருந்தவில்லை. சூரியனைக் குறிக்கும் ஹீலியோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது.

ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு சிறு செய்தி. மந்த வாயுக்களின் பெயர்களைப் பாருங்கள்: நியான், ஆர்கான், கிரிப்டான், செனான். ஹீலியம் மட்டும் சோடியம், கால்சியம் போல முடிகிறது. அது ஓர் உலோகமாக இருக்கும் என்று அன்று நினைத்ததே காரணம். கோட்டைப் பார்த்தார்கள், பொருளைப் பார்க்கவில்லை. ஊகத்தில் ஒரு பகுதி சரி, ஒரு பகுதி தவறு. அறிவியல் அப்படித்தான் நடக்கும் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சியாக நிற்கிறது.

பூமியில் ஹீலியம் கிடைத்தது 1895இல். வில்லியம் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து வெளிவந்த வாயுவைப் பிரித்துப் பார்த்தபோது அதே மஞ்சள் கோடு தெரிந்தது. சூரியனில் பார்த்து 27 ஆண்டுகள் கழித்துத்தான் கையில் வந்தது. "அங்க யாரு போய் அள்ளிட்டு வந்தா?" என்ற கேள்விக்கு, "இங்கே அள்ளுவதற்கு முன்பே அங்கே பார்த்துவிட்டார்கள் அம்மா" என்று நான் சொல்லியிருக்கலாம்.

உட்காரச் சொன்ன இன்னொருவர்

சரி, என்ன இருக்கிறது என்று தெரிந்தது. எவ்வளவு இருக்கிறது என்பது எப்படித் தெரிந்தது? இதில் இரண்டு பேரை நம் மாணவர்கள் அறியவேண்டும்.

ஒருவர் மேகநாத் சாகா. டாக்காவுக்கு அருகே ஒரு சிற்றூரில் சிறிய மளிகைக் கடைக்காரரின் மகன். வெப்பநிலைக்கு ஏற்ப அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் அளவு எப்படி மாறும், அதனால் கோடுகள் எப்படி வலுக்கும், மங்கும் என்பதற்கு 1920இல் ஒரு சமன்பாட்டைத் தந்தார். கோடு அழுத்தமாக இருந்தால் பொருள் அதிகம் என்று நேரடியாகச் சொல்லிவிட முடியாது, வெப்பநிலையையும் பார்க்கவேண்டும் என்பது அதிலிருந்து தெளிவானது.

இன்னொருவர் சிசிலியா பெய்ன். இங்கிலாந்தில் பிறந்தவர். அவர் படித்த காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு சென்று, சாகாவின் சமன்பாட்டைக் கொண்டு விண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்தார். அந்நாளில் சூரியனும் பூமியும் ஏறத்தாழ ஒரே பொருள்களால் ஆனவை என்றே பெரியவர்கள் நம்பினார்கள். பெய்னின் கணக்கு வேறு விடையைத் தந்தது. விண்மீன்களில் எல்லாவற்றையும்விட மிக மிக அதிகமாக இருப்பது ஹைட்ரஜன், அடுத்து ஹீலியம். அந்தத் துறையின் பெரிய அறிஞரான ஹென்றி நோரிஸ் ரஸல், இது இருக்க முடியாது என்றார். 25 வயதுப் பெண் என்ன செய்வார்? தன் 1925ஆம் ஆண்டு ஆய்வேட்டில், இந்த முடிவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று தானே எழுதிவைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ரஸலும் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து, பெய்ன் சொன்னது சரியென்று ஏற்றுக்கொண்டார்.

இன்று நமக்குத் தெரியும். சூரியனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். மற்றவை எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான். நான் கரும்பலகையில் எழுதிய அந்த இரண்டு வரிக்குப் பின்னால், "உட்காரம்மா" என்று சொல்லி உட்காரவைக்கப்பட்ட ஒரு பெண் இருக்கிறார். அதே வரியை எழுதிக்கொண்டே நானும் ஒரு பெண்ணை உட்காரவைத்தேன்.

கோடு நகர்ந்தால்

கோடுகள் இன்னொன்றும் சொல்லும். ஒலி எழுப்பிக்கொண்டு ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது ஒலி கூர்மையாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கும். ஒளியிலும் அப்படி உண்டு. விலகிச் செல்லும் பொருளின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும். நெருங்கி வரும் பொருளின் கோடுகள் நீலப் பக்கம் நகரும்.

கொடைக்கானல் வானாய்வகம் பற்றி நம்மில் பலர் அறிவோம். கோடை விழாவுக்குப் போகிறவர்கள் அதன் பக்கமாகவே போய் வருகிறார்கள். அங்கே 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் பார்த்தபோது கோடுகள் சிறிது நகர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. உலகெங்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். நம் மாநிலத்தின் ஒரு மலையுச்சியிலிருந்து, 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் காற்றின் திசையைச் சொல்ல முடிந்தது.

சூரியனுக்குச் செய்ததை விண்மீன் திரள்களுக்கும் செய்தார்கள். அமெரிக்காவில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912இல் ஆந்திரமேடா திரளின் ஒளியைப் பிரித்து, அது நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதை அளந்தார். ஆனால் அவர் பார்த்த மற்றவற்றில் பெரும்பாலானவை விலகிச் சென்றுகொண்டிருந்தன. தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்பதை எட்வின் ஹபிள் 1929இல் காட்டினார். அண்டம் விரிகிறது என்று நாம் ஒரு வரியில் நடத்துவதன் சான்று இந்தக் கோடுகளின் நகர்வுதான்.

இதற்கு ஒரு கணக்கும் வைக்கலாம். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656 நானோமீட்டரில் இருக்கிறது. ஒரு விண்மீன் திரளின் ஒளியில் அது நூற்றுக்கு ஒரு பங்கு கூடி, 662.6 நானோமீட்டர் அருகே தெரிகிறது. ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு 3,000. ஆக, அந்தத் திரள் நொடிக்கு 3,000 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. விழுக்காடு தெரிந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட இதைப் போட்டுவிடும். விழுக்காட்டுக் கணக்கு வட்டிக்கும் தள்ளுபடிக்கும் மட்டும்தானா என்ன?

இன்னொரு செய்தி. இந்த ஒளியெல்லாம் பழைய ஒளி. சூரியனிலிருந்து வர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. சிரியஸிலிருந்து 8.6 ஆண்டுகள். இன்றிரவு எட்டாம் வகுப்புப் பிள்ளை பார்க்கும் சிரியஸின் ஒளி, அந்தப் பிள்ளை அங்கன்வாடிக்குப் போன காலத்தில் புறப்பட்டது. ஆந்திரமேடாவின் ஒளி புறப்பட்டபோது நம்மைப் போன்ற மனிதரே பூமியில் இல்லை, 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

நம் வகுப்பறையில்

இதற்கெல்லாம் கருவிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

தொடக்க வகுப்புகளுக்கு ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, முகம் பார்க்கும் கண்ணாடியை அதில் சாய்த்து வையுங்கள். வெயிலில் வைத்தால் சுவரில் வானவில் விழும். கண்ணாடியிலிருந்து திரும்பும் வெயிலைப் பிள்ளைகள் நேராகப் பார்க்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த நிறத்தைக் கையில் பிடிக்க ஓடுவதைப் பார்க்கவே அதைச் செய்யலாம்.

மேல் வகுப்புகளுக்கு ஒரு காலணி அட்டைப்பெட்டியும் பழைய குறுந்தகடும் போதும். பெட்டியின் ஒரு முனையில் கத்தரித்து, இரண்டு அட்டைத் துண்டுகளை நெருக்கி ஒட்டி, அரை மில்லிமீட்டர் அகலத்துக்குச் செங்குத்தான பிளவு விடுங்கள். மறுமுனையில் குறுந்தகட்டைச் சாய்வாக நிறுத்துங்கள். அதற்கு மேலே பார்க்க ஒரு துளை. குறுந்தகட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு 600க்கு மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. அவை முப்பட்டகத்தைப் போலவே ஒளியைப் பிரித்துக் காட்டும். நிறம் தெரியும் வரை தகட்டின் சாய்வைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். முதல் பெட்டி எனக்குச் சரியாக வரவில்லை. மூன்றாவதுதான் வந்தது.

பிளவைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. இதைப் பிள்ளைகளிடம் மூன்று முறை சொல்லுங்கள். வெயில் படும் வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பினால் போதும்.

சென்ற ஆண்டு இதைச் செய்தபோது வகுப்பிலிருந்த பழைய டியூப் லைட்டைப் பார்க்கச் சொன்னேன். நிறங்களுக்கு நடுவே பச்சையில் ஒரு கோடு பளிச்சென்று தெரியும். குழாயிலுள்ள பாதரச ஆவியின் கோடு அது. ஒரு மாணவன் பெட்டியை வீட்டுக்குக் கேட்டான். கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்து நின்றான். "டீச்சர், எங்க வீட்டு பல்புல அந்தப் பச்சைக்கோடு இல்லையே, பெட்டி கெட்டுப்போச்சா?" என்றான். அவர்கள் வீட்டில் எல்.இ.டி. பல்பு. அதில் பாதரசம் இல்லை. இல்லாத கோட்டைப் பார்த்து இல்லாத பொருளைக் கண்டுபிடித்திருக்கிறான் என்பதை அவனுக்குப் புரியவைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடம் பாடத்திட்டத்தில் இல்லை.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

அந்த முதல் மாணவியை அண்மையில் பார்த்தேன். நான் மாறுதலாகி வந்த நடுநிலைப் பள்ளி இருக்கும் ஊருக்கே அவள் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறாள். அவள் மகள் எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவளிடம் அந்தக் கேள்வியை நினைவுபடுத்தினேன். "நானா டீச்சர் கேட்டேன்? ஞாபகமே இல்லையே" என்று சிரித்தாள். இத்தனை ஆண்டுகளாக நான் மனத்தில் வைத்திருந்தது அவளிடம் இல்லாமலே போய்விட்டிருந்தது. அது எனக்கு ஆறுதலா வருத்தமா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

மேசையில் இருந்த பெட்டியைக் கொடுத்து டியூப் லைட்டைப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அப்போ நிலா வெளிச்சத்தை இதுல பார்த்தா, நிலாவுல இருக்கிறது தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

பிரான்ஹோபர் நிலவைப் பார்த்துச் சூரியனின் கோடுகளையே கண்ட கதையைச் சொன்னேன். "நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லையே, அதனால சூரியனோட கோடுதான் வரும்" என்றேன். "சரி, அப்போ நிலாவுல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றாள். "அங்கதான்மா நிஜமாவே போய் அள்ளிட்டு வந்தாங்க" என்றேன். இருவரும் சிரித்தோம். இந்த முறை சிரிப்பு வேறு.

நண்பர்களே, நமக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளை எழுந்து "எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "விஞ்ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள்" என்ற விடையை மட்டும் சொல்லாமல் இருப்போம். தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால், "எனக்கும் தெரியல, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்போம். பிறகு மறக்காமல் போய்ப் பார்ப்போம்.